உட்கார முடியாத உடம்பு

வயது 17, எடை 37 கிலோ. ஆனாலும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-ல் விவரித்த இளம்பெண் இவர். சாப்பாட்டை மறுத்து மெலியும் நோய்க்கு ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்று பெயர் வைத்தவரே, இவ்வளவு மெலிந்த உடம்பு எப்படி இத்தனை ஓடியாடுகிறது என்று வியந்திருக்கிறார்.

அந்த வியப்புக்கு ஓரளவு விடை 1967-ல் எலிகளிடம் கிடைத்தது. ரூட்டன்பர்க், குஸ்னெசாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளுக்குத் தினம் ஒரு மணி நேரம் மட்டும் தீனி வைத்தார்கள். சாதாரணக் கூண்டில் இருந்தவை சமாளித்துக்கொண்டன. ஓடுவதற்குச் சக்கரம் இருந்த கூண்டிலோ, எலிகள் நாளுக்கு நாள் அதிகம் ஓடின. தீனி கண்முன் இருந்தும் குறைவாகவே தின்றன. ஓடி ஓடியே செத்தும் போயின. பட்டினி உடம்பைச் சோர்ந்து படுக்க வைக்கும் என்றுதான் நினைக்கிறோம். சில உடம்புகளை அது விரட்டவும் செய்கிறது. பிள்ளையைப் பிடிவாதக்காரி என்று திட்டும் பெற்றோருக்கு இது தெரிய வேண்டும்.

நின்றுகொண்டே படிப்பது, உட்கார்ந்தால் காலை ஆட்டிக்கொண்டே இருப்பது, எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பத் திரும்ப மாடி ஏறுவது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்வது, காய்ச்சலிலும் நடைப்பயிற்சியை விடாதது. இதெல்லாம் ஆர்வமல்ல, நோயின் அடையாளம்.

இதனால்தான் படுக்கையை விட்டு எழக்கூடாது என்பதே நெடுங்காலம் சிகிச்சையாக இருந்தது. எடை ஏறும், ஆனால் வீடு திரும்பியதும் என்ன செய்வது? அளவோடு நடக்க யாரும் கற்றுத்தரவில்லையே! சிட்னியில் பீட்டர் போமான்ட் குழுவினர் 1994-ல் மாற்றுவழி ஒன்றை முன்வைத்தார்கள். முழுத்தடைக்குப் பதிலாக, மேற்பார்வையில் பயிற்சி. எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது. தடை போட்டால் பயிற்சி நிற்பதில்லை, ஒளிந்துகொள்கிறது.

அளவுமீறித் தின்றுவிட்டு வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டும் நோயான புலிமியா உள்ள, எடை ஓரளவு சரியாக இருந்த நோயாளிகளிடம் நார்வேயில் நடந்த ஆய்வு ஒன்று இன்னும் தெம்பூட்டுகிறது. யோருன் சுண்ட்கோட்-போர்கன் குழு 2002-ல் வெளியிட்ட அந்த ஆய்வில், மெலிந்தே ஆகவேண்டும் என்ற வெறியைக் குறைப்பதில் பேச்சுவழிச் சிகிச்சையைவிட உடற்பயிற்சி கூடுதலாகக் கைகொடுத்தது.

அதற்காக இதே நோயாளிகளை ஜிம்முக்கு அனுப்பிவிடக் கூடாது. சிகிச்சைப் பயிற்சியில் கலோரிக் கணக்கு கிடையாது. இழந்த தசையையும் எலும்பு வலுவையும் மீட்பதுதான் நோக்கம். செலவாகும் சக்திக்கு ஈடாகச் சாப்பாடும் கூட்டப்படும். ஒரு நாள் பயிற்சி செய்யாவிட்டால் மனம் என்ன பாடுபடுகிறது என்று பேசவைப்பதும் சிகிச்சைதான். நாடித்துடிப்பு மிகவும் குறைந்தாலோ, ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்தாலோ, மயக்கம் வந்தாலோ பயிற்சிக்கே இடமில்லை. இதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு.

விளையாட்டு வீராங்கனைகளிடம் இந்த ஓயாத ஓட்டம் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும். உழைப்புக்கேற்ற உணவில்லாமல் உடம்பு குலைவதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் தனிப் பெயரிட்டே எச்சரித்தது. மாதவிடாய் நின்று, காலெலும்பில் கீறலும் விழுந்த மாணவி இன்னும் இரண்டு சுற்று ஓடுகிறேன் என்று கேட்டால், பயிற்சியாளர் கைதட்டக் கூடாது. அன்றைக்கே அவளை மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டும்.