ஆறரை மணி வகுப்புக்கு இடம் உண்டா?

முலுண்டில் நாங்கள் குடியிருக்கும் சொஸைட்டியில் ஒரு கிளப் ஹவுஸ் உண்டு. கீழே ஜிம். மாடியில் 30 அடிக்கு 15 அடி என்ற அளவில் ஓர் அறை. காலை ஆறரை மணிக்கு யோகா, மாலையில் இளவட்டங்களின் ஜும்பா, இரவு குழந்தைகளின் கராத்தே, எல்லாம் அந்த ஒரே அறையில்தான். வீடுகளோ இருநூறுக்கு மேல். முன்பெல்லாம் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். முதல் நாள் இரவே போய்ப் பெயர் எழுதி வைக்க வேண்டும். ஒருவர் பெயரை இன்னொருவர் அடிப்பது, இரண்டு வரிகளுக்கு நடுவே பொடி எழுத்தில் புகுந்து கொள்வது என்று சண்டை முற்றியதும் மேனேஜிங் கமிட்டி ஒரு சாப்ட்வேர் வாங்கிவிட்டது. பாங்கிலிருந்து ரிடையரானவன், கம்ப்யூட்டரோடு பழகியவன் என்பதால், அதில் விதிகளைப் போட்டுத் தரும் வேலை என் தலையில் விழுந்தது.

உங்கள் குடியிருப்பிலும் இப்படி ஒன்று வந்திருக்கும், அல்லது சீக்கிரம் வரும். அதனால்தான் நான் கற்றுக்கொண்டதையும், செய்த தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

இந்த மாதிரி சாப்ட்வேர் ஒன்றும் புரியாத மாயமல்ல. ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுத்து அலுத்துப் போன நமக்கு இது பழகிய சமாசாரம்தான். ரிஸர்வேஷன் எத்தனை நாள் முன்பு திறக்கும், எப்போது மூடும், வெயிட்டிங் லிஸ்டில் யார் மேலே வருவார்கள், ரத்து செய்தால் என்ன பிடித்தம் என்ற கேள்விகள்தான் இங்கேயும். 120 நாள் முன்பு என்றிருந்த ரயில் முன்பதிவை 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகக் குறைத்தார்கள். மிகவும் முன்னதாகவே பிடித்து வைப்பவர்கள் பலர் கடைசியில் பயணம் செய்வதில்லை என்பதே காரணம். எங்கள் யோகா வகுப்பிலும் அதே கதைதான். திங்கட்கிழமை உற்சாகத்தில் வாரம் முழுதும் பிடித்து வைப்பார்கள். புதன்கிழமையே ஆளைக் காணோம்.

முதலில் இடக்கணக்கு. ஒரு யோகா பாய் ஆறடி நீளம், இரண்டடி அகலம். கையை விரித்தால் பக்கத்துக்காரர் மூக்கில் இடிக்காமல் இருக்க ஏழுக்கு மூன்றரை அடி வேண்டும், அதாவது ஏறக்குறைய 25 சதுர அடி. மொத்தம் 450 சதுர அடியில் டீச்சருக்கும் கதவுக்கும் 50 தள்ளினால் பதினாறு பேர். கமிட்டியில் சிலர் "இருபது போடுங்கள், எப்படியும் நாலு பேர் வர மாட்டார்கள்" என்றார்கள். விமானக் கம்பெனிகள் செய்கிற வேலை அது. இருபது பேரும் வந்து நின்றால் யாரைத் திருப்பி அனுப்புவது? தினமும் முகம் பார்க்கிற அயல்வீட்டுக்காரர்களிடம் அது நடக்காது. பதினாறு என்றே வைத்தேன்.

முதல் வாரமே ஒரு கூத்து. சாப்ட்வேரில் எந்த தேசத்து நேரம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது கிரீன்விச் நேரத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. ஆறரை மணி வகுப்பு உறுப்பினர்களின் போனில் ராத்திரி ஒரு மணி என்று காட்டியது! சிரித்துவிட்டுச் சரி செய்தேன். மற்ற எல்லாக் கட்டங்களும் இந்த ஒன்றை நம்பித்தான் ஓடுகின்றன, ஆகவே முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது முன்பதிவு எப்போது திறப்பது. 'வகுப்புக்கு 72 மணி நேரம் முன்பு' என்று போட்டேன். நியாயமாகத்தான் தோன்றியது. ஆனால் வியாழக்கிழமை ஆறரை வகுப்புக்கு 72 மணி முன்பு என்றால் திங்கட்கிழமை காலை ஆறரை. அந்த நிமிஷத்தில் வகுப்பில் இருப்பவர்கள் போனை அணைத்துவிட்டு சூரிய நமஸ்காரம் செய்து கொண்டிருப்பார்கள். படுக்கையில் புரண்டு கொண்டிருப்பவர்கள் இடத்தைப் பிடித்து விடுவார்கள்! ஒழுங்காக வருகிறவனுக்கு இடமில்லை, தூங்குகிறவனுக்கு இடம் உண்டு என்ற விபரீதம். பெரும்பாலான சாப்ட்வேர்களில் 'மூன்று நாள் முன்பு, இரவு எட்டு மணிக்கு' என்று கடிகார நேரமாகவும் கொடுக்கலாம். தட்கல் டிக்கெட் ஏ.ஸி.க்கு காலை பத்து, மற்றதற்குப் பதினொன்று என்று திறக்கிறதே, அந்த மாதிரி. அதோடு ஒருவர் பெயரில் ஒரே சமயத்தில் இரண்டு முன்பதிவுக்கு மேல் கூடாது என்று வரம்பும் போட்டதில் வாரம் முழுதும் வளைத்துப் போடும் வழக்கம் நின்றது.

இனி அபராதம். இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்றான மைண்ட்பாடி 2001ல் கலிபோர்னியாவில் தொடங்கிய கம்பெனி. இத்தகைய சாப்ட்வேர்கள் வகுப்புக்கு இவ்வளவு என்று பணம் வாங்கும் ஸ்டூடியோக்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் பிடிப்பார்கள். நாங்கள் வாங்கியது வேறு ஒன்று, என்றாலும் அதன் அமைப்பும் அதே அச்சுதான். எங்கள் சொஸைட்டியிலோ வகுப்புக் கட்டணம் மெயின்டனன்ஸிலேயே அடங்கிவிடுகிறது. பிடிக்கப் பணம் இல்லை. ஆகவே இடம் பிடித்துவிட்டு வராதவருக்கு ஏழு நாள் முன்பதிவு கிடையாது என்று வைத்தேன். ஒரு தடவை தவறினாலே ஏழு நாள். சண்டைகளைப் பார்த்து அலுத்திருந்த கமிட்டி கை தட்டியது.

ஒருவர் வந்தாரா இல்லையா என்று சாப்ட்வேருக்கு எப்படித் தெரியும்? டீச்சர் தன் போனில் ஒவ்வொரு பெயரையும் தொட வேண்டும். ஒரு நாள் அவர் போனில் சார்ஜ் தீர்ந்து போயிற்று. வகுப்பு ஜோராக நடந்தது. ஆனால் அரை மணி கழித்து, வந்திருந்த பதினாறு பேருக்கும், கமிட்டி சேர்மன் உட்பட, 'நீங்கள் வரவில்லை. ஏழு நாள் தடை' என்று செய்தி போயிற்று. அன்று என் வீட்டு மணி ஓயவே இல்லை. எல்லாத் தடைகளையும் கையால் நீக்கினேன். அப்போதே அந்த விதியைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். சேர்மன் சத்தம் போட்டார், சரி செய்தேன், அதோடு விட்டுவிட்டேன்.

சத்தம் போடாதவர்கள் விஷயம் வேறு. எதிர்க் கட்டடத்தில் ஒரு மாமி இருக்கிறார். எழுபத்து நாலு வயது. முழங்கால் ஆபரேஷன் ஆனவர். பயிற்சியை விடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், யோகா வகுப்பில் ஓரமாக ஒரு நாற்காலி போட்டுக் கொண்டு முடிந்ததைச் செய்வார். நோட்டுப் புத்தகக் காலத்தில் வாட்ச்மேன் அவர் பெயரைத் தானே எழுதி விடுவான். சாப்ட்வேர் வந்த பிறகு அவருடைய பிள்ளை தன் போனிலிருந்து இடம் பிடித்துக் கொடுத்து வந்தார்.

ஒரு நாள் அந்த நாற்காலி மூலையில் மடித்தபடியே கிடப்பதைக் கவனித்தேன். எத்தனை நாளாக என்று டீச்சரிடம் கேட்டால், மூன்று வாரம் இருக்கும் என்றார். மாமி வீட்டுக்குப் போனேன். சுவரைப் பிடித்துக் கொண்டு வந்துதான் கதவைத் திறந்தார்.

"ஏன் மாமி வரதில்லை?"

"கம்ப்யூட்டரே வேண்டாம்னு சொல்லிடுத்தே. நம்மால யாருக்கும் தொந்தரவு வேண்டாம்."

நடந்தது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு இடம் இல்லை, வெயிட்டிங் லிஸ்டில் இரண்டாவது. பிள்ளை அம்மாவிடம் இடமில்லை என்று சொல்லிவிட்டு டூர் போய்விட்டார். விடியற்காலை 5.40க்கு யாரோ இருவர் ரத்து செய்திருக்கிறார்கள். சாப்ட்வேர் மாமியை மேலே ஏற்றி இடம் உறுதி என்று செய்தி அனுப்பியது, பெங்களூரில் தூங்கிக் கொண்டிருந்த பிள்ளையின் போனுக்கு. மாமி வரவில்லை. ஏழு நாள் தடை. பிள்ளை அதைப் பார்த்து 'ப்ளாக் பண்ணிவிட்டார்கள்' என்று சொல்ல, தன்னை ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள் என்று மாமி எண்ணிக் கொண்டார். தடை எட்டாம் நாளே விலகிவிட்டது. மாமிக்கு அது தெரியாது. மூன்று வாரத்தில் முழங்கால் மறுபடி இறுகிப் போயிருந்தது.

சாப்ட்வேர் நான் சொன்னதைத்தான் செய்தது. நான் விட்டது, ரயில்வேயில் சாதாரணமாக இருக்கிற ஒன்றை: சார்ட். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நகர்ந்து கொண்டே இருக்கும், ஆனால் சார்ட் தயாரானதும் நின்றுவிடும். அதற்குப் பிறகும் உறுதியாகாத ஈ-டிக்கெட் தானே ரத்தாகிப் பணம் திரும்பி வரும். பெட்டி கட்டலாமா வேண்டாமா என்று மனிதன் தெரிந்து கொள்ள ஒரு நேரம் உண்டு. நான் வெயிட்டிங் லிஸ்டை வகுப்பு தொடங்கும் வரை நகர விட்டிருந்தேன். அதே சமயம், அபராதமில்லாமல் ரத்து செய்யும் கெடு முதல் நாள் மாலையே முடிந்துவிடும். அதாவது காலை 5.40க்கு இடம் கிடைப்பவருக்கு வேண்டாம் என்று சொல்ல வழியே கிடையாது!

இப்போது இப்படி வைத்திருக்கிறேன். காலை வகுப்பை ரத்து செய்ய முதல் நாள் இரவு எட்டரை வரை நேரம். ஒன்பது மணிக்கு வெயிட்டிங் லிஸ்ட் நின்றுவிடும். அதற்குப் பிறகு காலியாகும் இடம் யாருக்கும் தானாகப் போகாது; ஆறு இருபத்தைந்துக்கு வாசலில் நிற்பவர் உள்ளே போகலாம். மாலை ஜும்பாவுக்கு மூன்று மணி முன்பு ரத்து செய்தால் போதும், ஏனென்றால் அவர்கள் ஆபீஸிலிருந்து லோக்கல் டிரெயினில் வர வேண்டியவர்கள். கிளப் முழுமைக்கும் ஒரே விதி போடாமல் வகுப்புக்கு வகுப்பு தனியாகப் போட முடிகிறதா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டு விடுங்கள். தடையும் 30 நாளில் மூன்று முறை தவறினால்தான்.

பதினாறு இடத்தில் பன்னிரண்டு மட்டுமே போனில் திறக்கும். பாக்கி நாலு இடம் கிளப் ஹவுஸ் மேஜையில், நேரில் சொல்பவருக்கும் போன் செய்பவருக்கும். மொத்த இடம் வேறு, ஆன்லைன் இடம் வேறு என்று இரண்டு கட்டங்கள் முதலிலிருந்தே இருந்தன. இரண்டிலும் பதினாறு என்று போட்டது நான்தான். ஒரே போன் நம்பரில் நாலு பேர் இருக்கும் வீடுகளில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர்ப் பதிவும் செய்தேன். சாப்ட்வேர் அனுப்பும் ஆங்கிலச் செய்தியை நாமே மாற்றி எழுதலாம் என்பது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. இப்போது ஹிந்தியிலும் தமிழிலும் இரண்டு வரி சேர்ந்து போகிறது. 'தடை' என்ற சொல்லை எடுத்துவிட்டு, எந்தத் தேதியிலிருந்து மறுபடி இடம் பிடிக்கலாம் என்று போட்டிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. விதியை மாற்றினால், ஏற்கெனவே காலண்டரில் விழுந்துவிட்ட வகுப்புகளுக்கு எங்கள் சாப்ட்வேரில் பழைய விதியே நீடிக்கும். அவற்றை அழித்து மறுபடி உண்டாக்க வேண்டும். ஆகவே மாற்றங்களை மாதக் கடைசியில் செய்வதும், அதற்கு முன் ஒரு பொய்ப் பெயரில் பதிந்து, இடம் பிடித்து, ரத்து செய்து, வராமலும் இருந்து என்ன நடக்கிறது என்று பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. எங்கள் பட்டியலில் அந்தப் பொய் ஆசாமிதான் அதிகம் வகுப்புக்கு வராதவர்.

மாமி இப்போது திங்கள், புதன், வெள்ளி வருகிறார். முதல் நாள் மாலை கோவிலுக்குப் போகிற வழியில் மேஜையில் சொல்லிவிட்டுப் போகிறார். கணபதி பண்டிகை நாட்களில் அந்த அறையை சொஸைட்டி பூஜைக்கு எடுத்துக் கொள்ளும். அந்தத் தேதிகளைக் காலண்டரில் இன்னும் நான் மூடவில்லை. இந்த வாரம் உட்கார்ந்து அதை முடிக்க வேண்டும்.