உட்காரும் உரிமை

நிற்பதும் உட்காருவதும் சட்டமன்றம் கூடி ஆராயத்தக்க பொருள்களா என்று கேட்டால் சிலருக்கு நகைப்புத் தோன்றலாம். ஆனால் ஜவுளிக்கடையிலோ நகைக்கடையிலோ காலை பத்து மணிக்கு நின்று, இரவு கடை சாத்தும் வரையில் நின்றே பணிபுரியும் பெண்ணுக்கு அது நகைப்புக்குரிய கேள்வியன்று. வாடிக்கையாளர் எவரும் இல்லாத பிற்பகல் வேளையிலும் உட்காரலாகாது, சுவரில் சாயலாகாது என்பது பல கடைகளில் எழுதப்படாத விதி. கால் வீக்கமும் முதுகு வலியும், கெண்டைக்காலில் நரம்பு புடைத்துச் சுருளும் நோயும் அவ்விதியின் பயன்கள்.

இவ்விதியை முதலில் மாற்றியது கேரளம். அங்கே 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி அளிக்க வேண்டும் என்று பணித்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்தகைய திருத்தத்தை 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில், வாளையாற்று எல்லைக்கு மேற்கே பாலக்காட்டில் சேலை விரித்துக் காட்டிய பெண்ணுக்கு உட்காரச் சட்டப்படி உரிமை இருந்தது. கிழக்கே கோயம்புத்தூரில் அதே வேலையைச் செய்தவளுக்கு இல்லை. வேலை ஒன்று, நாடு ஒன்று. சட்டம் மட்டும் இரண்டு. இது எவ்வாறு நேர்ந்தது?

நமது அரசியலமைப்பு, சட்டம் இயற்றும் அதிகாரத்தை மூன்று பட்டியல்களாகப் பகுத்திருக்கிறது. தொழிலாளர் நலம், தொழிற்சங்கம், தொழில் தகராறு ஆகியவை பொதுப் பட்டியலில் அமைந்தவை. பாராளுமன்றமும் சட்டம் செய்யலாம், மாநிலமும் செய்யலாம். இரண்டும் முரண்பட்டால் பாராளுமன்றச் சட்டமே மேலோங்கும். எனினும், குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற மாநிலச் சட்டம் அம்மாநிலத்தின் அளவில் செல்லுபடியாகும் என்று 254-ஆவது விதி ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு 1948-இல் நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் வந்தது. கடைகளோ மாநிலங்களின் பொறுப்பிலேயே விடப்பட்டன. சென்னை மாகாணம் 1947-இலும், பம்பாய் 1948-இலும், டில்லி 1954-இலும், கேரளம் 1960-இலும், அன்றைய மைசூர் மாநிலம் 1961-இலும் தத்தமக்கெனக் கடைச் சட்டங்களை வகுத்துக்கொண்டன.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, நின்று வேலை செய்ய நேரும் தொழிலாளர்கள் கிடைத்த இடைவேளையில் இளைப்பாறும் பொருட்டு இருக்கைகள் அமைக்கப்பட வேண்டும் என்று அன்றே விதித்துவிட்டது. இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு 1948-இல் கிடைத்த நாற்காலி, மேசைக்குப் பின் நிற்பவரைத் தமிழ்நாட்டில் வந்தடைய 73 ஆண்டுகள் பிடித்தன. பிரிட்டனில் 1899-ஆம் ஆண்டிலேயே, கடையில் பணிபுரியும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டிருந்தது. அந்நாட்டின் எத்தனையோ சட்டங்களை நம்மீது சுமத்திய ஆட்சி, இந்த ஒன்றை மட்டும் கப்பலேற்ற மறந்துபோயிற்று!

கேரளத்திலும் இது தானாக வந்த வரம் அன்று. கோழிக்கோட்டில் தையற்காரியாக இருந்த விஜி என்பவர் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பின் வாயிலாகக் கடைப் பெண்களை ஒன்றுதிரட்டினார். அவர்களுடைய தொடக்கக் கோரிக்கை நாற்காலிகூட அன்று, கழிப்பிடம். நாள் முழுதும் தண்ணீர் அருந்தாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் முதலில் வேறெதைக் கேட்பார்கள்? அங்கிருந்து அவர்கள் உட்காரும் உரிமைக்கு வந்து சேர்ந்தார்கள்.

தமிழ்நாட்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 22-அ பிரிவு சுருக்கமானது. ஒவ்வொரு நிறுவனத்திலும் பணியாளர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருத்தல் வேண்டும். வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போது அவர்கள் அமரலாம் என்பதே அதன் சாரம். ஆண், பெண் என்ற வேற்றுமை இதில் இல்லை. ஆனால் ‘வாய்ப்பு நேரும்போது’ என்பதை யார் முடிவு செய்வது? மேசையடியில் முக்காலி போட்டுவிட்டு, அதில் எவரும் அமராதபடி மேற்பார்வையாளரின் கண்ணால் காவல் வைப்பதும் நடக்கக் கூடியதே.

இங்கேதான் வேறொரு பிரிவு முதன்மை பெறுகிறது. உட்கார்ந்த பெண்ணை மறுநாளே வேலையிலிருந்து நீக்கிவிடலாம் என்றால், நாற்காலி இருந்தென்ன, இல்லாமல் என்ன? சென்னைச் சட்டத்தின் 41-ஆவது பிரிவு, தொடர்ந்து ஆறு மாதம் பணியாற்றிய ஒருவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இன்றியும் நீக்கலாகாது என்கிறது. நீக்கப்பட்டவர் அதற்குரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யவும் வழிவகுக்கிறது. கேரளச் சட்டமும் கர்நாடகச் சட்டமும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்தவை. 1954-ஆம் ஆண்டு டில்லிச் சட்டமோ மூன்று மாதப் பணிக்குப் பிறகு ஒரு மாத முன்னறிவிப்பைக் கேட்கிறதேயன்றி, அப்பிரிவில் ‘தக்க காரணம்’ என்ற சொல்லைக் காணோம். அச்சொல் ஒன்றுதான், ஆனால் அதன் எடை பெரிது.

மாநிலந்தோறும் சட்டம் வேறுபடுவதால் நன்மையே விளையும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்ய அரசின் அனுமதி பெற வேண்டும் என்றிருந்த எண்ணிக்கையை, ராஜஸ்தான் 2014-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 300 ஆக உயர்த்தியது. அந்த 300, பாராளுமன்றம் 2020-இல் இயற்றிய தொழில் உறவுகள் தொகுப்பிலும் இடம்பெற்று, 2025 நவம்பர் 21 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாநிலம் இறுக்கியதை மற்றொன்று பின்பற்றுவதுபோல, ஒன்று தளர்த்தியதையும் மற்றவை பின்பற்றக் கூடும்.

இனி, கடையில் வேலைக்குச் சேரும் ஒருவர் கவனிக்க வேண்டியது, சேர்ந்த நாளுக்கு எழுத்தில் சான்று உண்டா என்பது. 41-ஆவது பிரிவின் பாதுகாப்பு ஆறு மாதத் தொடர் பணியை ஒட்டியே நிற்பதால், வழக்கு எழும்போது முதற்கேள்வி அதுவாகவே இருக்கும். நியமனக் கடிதம், வருகைப் பதிவேடு, சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் மாதந்தோறும் வந்த தொகை, இவற்றுள் எது கிடைத்தாலும் அதன் நகலை வீட்டில் வைத்திருப்பது நல்லது. கடையின் அலமாரியில் உள்ள ஏடு, வேலை போன பிறகு நம் கைக்கு எட்டாது.