விட்டு விட்டு எரியும் ஏ.பி.எஸ். விளக்கு: செலவு செய்யும் முன் என்ன பார்க்கலாம்?



பால் சொசைட்டிக்குப் போக, சந்தைக்குச் சரக்கு கொண்டுபோக, பிள்ளைகளை பஸ் ஸ்டாப்பில் விட என்று நம் குழு வீடுகளில் பலவற்றுக்கும் இப்போது பைக்தான். குழுக் கடனில் வாங்கிய வண்டிகளும் உண்டு. அந்த வண்டியின் மீட்டரில் 'ஏ.பி.எஸ்.' என்று எழுதிய மஞ்சள் விளக்கு திடீர்னு எரியுது. மறுநாள் தானாக அணைஞ்சு போகுது. வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே எரிவதில்லை. "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இல்லாவிட்டால் "யூனிட்டையே மாத்தணும்" என்று பல ஆயிரம் சொல்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே நாம் என்ன செய்யலாம்?

ஏ.பி.எஸ். என்ன வேலை செய்கிறது?

ஈர ரோட்டிலோ மணல் கிடக்கும் ரோட்டிலோ பிரேக்கைப் பலமாக அழுத்தினால் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். ஆனால் வண்டி நிற்காது. வழுக்கிக்கொண்டு போய் ஆளைக் கீழே தள்ளிவிடும். சக்கரம் இப்படிப் பூட்டிக்கொள்ளப் போவது தெரிந்ததும், பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பல தடவை குறைத்துக் கூட்டுவதுதான் ஏ.பி.எஸ். வேலை. அப்போது லீவரில் கடகடவென்று அதிர்வு தெரியும். அது பழுது இல்லை.

நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு 2019 ஏப்ரல் முதல் இது கட்டாயம். சில வண்டியில் முன் சக்கரத்துக்கு மட்டும் இருக்கும், சிலதில் இரண்டுக்கும் இருக்கும்.

சக்கரத்தின் வேகம் இதற்கு எப்படித் தெரிகிறது? சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் துளை போட்ட வளையம் ஒன்று டிஸ்க் பக்கத்தில் இருக்கும். அதை ஒட்டி விரல் நுனி அளவில் ஒரு சென்சார் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். துளைகள் கடந்து போவதை சென்சார் கணக்கெடுத்து, ஒரு மெல்லிய ஒயர் வழியாக யூனிட்டுக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கு நடுவில் விட்டுப்போனால் விளக்கு எரியும்.

விளக்கு எரிந்தால் பிரேக் போய்விட்டதா?

இல்லை. சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற பாதுகாப்பு அந்த நேரம் இல்லை என்று அர்த்தம். அதனால் வேகத்தைக் குறைத்து, முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு, இரண்டு பிரேக்கையும் படிப்படியாகப் பிடிக்க வேண்டும். லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போனாலோ, பிரேக் ஆயில் ஒழுகினாலோ அது வேறு பழுது. அப்போது வண்டியை எடுக்கவே கூடாது.

எரிவதெல்லாம் பழுது இல்லை

சாவி போட்டதும் இந்த விளக்கு எரியத்தான் வேண்டும். வண்டி கிளம்பிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைந்துவிடும். நிற்கும்போது எரியுதே என்று பயப்பட வேண்டாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு கியரில் பின் சக்கரத்தை மட்டும் ஓடவிட்டாலும் சில வண்டிகளில் எரியும். ஒரு சக்கரம் ஓடுது, ஒன்று நிற்குது என்று யூனிட் குழம்புவதுதான் காரணம். சாவியை அணைத்துப் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினால் சரியாகிவிடும். ஆனால் சாவி போட்டும் விளக்கு எரியவே இல்லை என்றால் அதையும் காட்ட வேண்டும்.

எப்போது எரிகிறது என்று எழுதுங்கள்

அடியோடு கெட்டுப்போன பொருள் என்றால் விளக்கு பெரும்பாலும் எந்நேரமும் எரியும். வருது, போகுது என்றால் அழுக்கு, ஈரம், தளர்ந்த இணைப்பு இவற்றின் மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும். எந்த நேரத்தில் வருகிறது என்பதே இடத்தைக் காட்டிக் கொடுக்கும். குழுவின் வரவு செலவை எழுதுவது போல, ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

- மழைக்குப் பிறகு, வாட்டர் சர்வீஸ் செய்த பிறகு வந்தால்: கனெக்டருக்குள் தண்ணீர்.
- பள்ளத்தில் இறங்கும்போது, ஹேண்டில்பாரைத் திருப்பும்போது வந்தால்: உள்ளே அறுந்த ஒயர், தளர்ந்த இணைப்பு.
- பஞ்சர் ஒட்டிய பிறகு, டயர் மாற்றிய பிறகு வந்தால்: சென்சார், வளையம், வேறு அளவு டயர்.
- காலையில் ஸ்டார்ட் செய்யும்போது வந்தால்: பேட்டரி.

செலவில்லாததை முதலில் பார்ப்போம்

1. சென்சாரும் வளையமும்: பிரேக் கட்டையின் தூளும் சேறும் சென்சாரில் ஒட்டியிருக்கும். மெல்லிய துணியால் துடைக்கலாம். சக்கரத்தைக் கையால் சுற்றி, வளையம் வளைந்திருக்கிறதா, எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றும்போது இது எளிதில் அடிபடும்.

2. சக்கரத்தின் ஆட்டம்: பேரிங் தேய்ந்தால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும். அந்த 1 மில்லிமீட்டர் இடைவெளியும் மாறிக்கொண்டே இருக்கும்.

3. ஒயர்: போர்க் ஓரமாக மேலே போகும் ஒயர் கிளிப்பில் இருக்கிறதா, டயரில் உரசுகிறதா? மேல் தோல் நன்றாக இருந்தும் உள்ளே கம்பி அறுந்திருக்கலாம்.

4. கனெக்டர்: பச்சை பூத்திருந்தால் சாவியை அணைத்துவிட்டு மெக்கானிக்கைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

5. பேட்டரி: முனைகள் இறுக்கமாக இருக்கணும். வண்டி ஓடாத நேரத்தில் நல்ல பேட்டரி 12.5 வால்ட்டுக்குக் குறையாமல் காட்டும். இன்ஜின் ஓடும்போது 14 வால்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கணும். ஏ.பி.எஸ்.க்கான பியூஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

6. டயர்: முன்னும் பின்னும் வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுதானா? காற்று சரியா?

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

விளக்கு எரிந்தபோது யூனிட் ஒரு பிழை எண்ணைப் பதிந்து வைக்கும். விளக்கு பிறகு அணைந்துவிட்டாலும் அந்த எண் பெரும்பாலும் உள்ளே இருக்கும். கருவி மாட்டி அதைப் படிக்கலாம். "முதலில் படியுங்க, எழுதிக் கொடுங்க, அப்புறம் அழிங்க" என்று கேளுங்கள். எண்ணை மட்டும் அழித்தால் விளக்கு அணையும், பழுது அப்படியே இருக்கும். "முன் சென்சார்" என்று எண் சொன்னாலும் உடனே புது சென்சார் வாங்க வேண்டாம். அந்த சென்சாரின் ஒயரையும் கனெக்டரையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். "யூனிட் போச்சு" என்றால், ஒயர், பியூஸ், பேட்டரி எல்லாம் சோதித்தாகிவிட்டதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. வாரண்டி காலம் முடியவில்லை என்றால் கம்பெனி சர்வீஸுக்கே கொண்டுபோங்கள்.

செய்யக் கூடாதவை

விளக்கு கண்ணை உறுத்துது என்று பல்பையோ பியூஸையோ பிடுங்கக் கூடாது. சென்சாரைச் சுத்தியால் தட்டக் கூடாது. சென்சார் பக்கமும் கனெக்டர் பக்கமும் வேகத் தண்ணீர் அடிக்கக் கூடாது. பிரேக் குழாயை நாமே கழற்றக் கூடாது. பழுது பார்த்த பிறகு, கூட்டமில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி, விளக்கு அணைகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

விளக்கு தானாக அணைந்துவிட்டால் "சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். அடுத்த தடவை அது எரிவது, பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு மழையில் வரும் நேரமாக இருக்கலாம். ஆகவே முதல் தடவை எரிந்த அன்றே நோட்டை எடுங்கள். வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லுங்கள்.