முட்டு மரமும் பத்து சான்டீமும்

பிரெஞ்சு இலக்கியம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் உங்களைப் போல் மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவன்தான். பிரெஞ்சு மொழி தெரியாது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் படித்ததை வைத்துத்தான் எழுதுகிறேன். எழுதுகிறவனுக்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம்? அவன் பாட்டுக்கு எழுதிவிட்டுப் போகக் கூடாதா? இந்தக் கேள்வி பிரான்சில் ரொம்பப் பழசு.

1762-ல் துலூஸ் நகரத்தில் ழான் கலாஸ் என்ற புராட்டஸ்டண்ட் வியாபாரி, மதம் மாறப் போன சொந்த மகனையே கொன்றார் என்று பழி சுமத்தப்பட்டுக் கொடூரமாகக் கொல்லப்பட்டார். வால்டேருக்கு அவர் உறவும் இல்லை, சிநேகிதமும் இல்லை. ஆனாலும் விடாமல் எழுதினார், மனுப் போட வைத்தார். 1765-ல் கலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பானது.

எல்லாரும் வால்டேர் மாதிரி இல்லை. ப்ளோபேருக்கு வாக்கியத்தைச் செதுக்குவதே வாழ்க்கை. ஊர் விவகாரம் வேண்டாம். 1871-ல் பாரிஸ் கம்யூனை ராணுவம் ரத்தத்தில் நசுக்கியபோது, அதைத் தடுக்க அவர் ஒரு வரிகூட எழுதவில்லை, ஆகவே அவருக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று 1945-ல் சார்த்தர் எழுதினார். எனக்கு இது கொஞ்சம் ஓவராகத்தான் படுகிறது. எழுதாததற்கெல்லாம் கேஸ் போட்டால் யார்தான் தப்புவது?

என்னைப் பிடித்துப் போட்டவர் எமில் ஜோலா. 1884-ல் வட பிரான்சின் ஆன்சான் நிலக்கரிச் சுரங்கங்களில் ஸ்டிரைக் நடந்தபோது, அவர் நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போனார். சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப் பார்த்தார். மறு வருஷம் 'ஜெர்மினல்' நாவல் வந்தது. அதில் வரும் எத்தியேன் நம்ம ஆள்! ரயில்வே ஒர்க்‌ஷாப் மெக்கானிக். மேலதிகாரியை அறைந்ததால் வேலை போய், சுரங்கத்தில் நிலக்கரி வண்டி தள்ள வருகிறான்.

நாவலில் ஸ்டிரைக் எப்படி வருகிறது தெரியுமா? கூலி, வண்டிக் கணக்கில். ஒரு வண்டி நிலக்கரிக்கு 50 சான்டீம். மேற்கூரை சரியாமல் முட்டு மரம் கொடுப்பதும் அவர்கள் வேலைதான், ஆனால் அதற்குத் தனிக் கூலி இல்லை. முட்டுக் கொடுக்கும் நேரத்தில் இன்னொரு வண்டி நிரப்பலாமே என்றுதானே தோன்றும்? அதனால் முட்டு அரைகுறையாகிறது. கம்பெனி முதலில் அபராதம் போடுகிறது. பிறகு, முட்டுக்குத் தனிக் கூலி தருகிறோம் என்று அறிவித்துவிட்டு, வண்டிக்கு 40 சான்டீமாகக் குறைக்கிறது. கேட்க நியாயமாக இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் தொழிலாளிக்கு நஷ்டம்! 'பீஸ் ரேட்' பற்றி நம்ம பாடப் புத்தகத்தில் படித்ததைவிட எனக்கு இங்கேதான் நன்றாக விளங்கியது. மேனேஜரையும் ஜோலா அரக்கனாக்கவில்லை. அவரும் பாரிஸில் இருக்கும் டைரக்டர்களிடம் சம்பளம் வாங்குகிறவர்தான்.

அடுத்தது டிரேஃபஸ் விவகாரம். ஆல்ஃபிரட் டிரேஃபஸ் யூதர், பீரங்கிப் படை கேப்டன். பாரிஸ் எகோல் பாலிடெக்னிக்கில் படித்தவர். (பெயர்தான் பாலிடெக்னிக், நம்மது மாதிரி டிப்ளமோ இல்லை, பெரிய உயர்கல்வி நிறுவனம்!) ஜெர்மனிக்கு ரகசியம் விற்றதாக 1894-ல் தண்டித்து, டெவில்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். கையெழுத்து எஸ்டர்ஹாசி என்ற இன்னொரு அதிகாரியுடையது என்று பின்னால் தெரிந்தும், 1898 ஜனவரி 11-ல் ராணுவக் கோர்ட் எஸ்டர்ஹாசியை விடுதலை செய்தது. இரண்டே நாளில் 'லோரோர்' பத்திரிகையின் முதல் பக்கத்தில், ஜனாதிபதிக்கு ஜோலாவின் பகிரங்கக் கடிதம். தலைப்பு: 'நான் குற்றம் சாட்டுகிறேன்'. தளபதிகளைப் பேர் சொல்லியே குற்றம் சாட்டினார். தன்மேல் வழக்குப் போடட்டும் என்றே எழுதினார். அப்படிப் போட்டால்தானே மூடி வைத்த விஷயம் கோர்ட்டில் வெளியே வரும்!

அப்போது அவருக்கு வயசு 57. பணம், புகழ் எல்லாம் இருந்தது. 'நமக்கெதுக்கு வம்பு' என்று இருந்திருக்கலாம். ஒரு வருஷ ஜெயில், 3000 பிராங்க் அபராதம் என்று தீர்ப்பு வந்தது. இங்கிலாந்துக்குப் போய் 1899 ஜூன் வரை ஒளிந்திருந்தார். 1902-ல் வீட்டுப் புகைபோக்கி அடைத்துக்கொண்டு, விஷ வாயுவில் இறந்தார். சவ ஊர்வலத்தில் வந்த சுரங்கத் தொழிலாளர்கள் 'ஜெர்மினல்! ஜெர்மினல்!' என்று கோஷம் போட்டார்கள்.

டிரேஃபஸ் குற்றமற்றவர் என்ற இறுதித் தீர்ப்பு 1906-ல்தான் வந்தது. அவருக்குப் பிரிகேடியர் ஜெனரல் பதவி தரும் மசோதாவைப் பிரெஞ்சு தேசிய சபை நிறைவேற்றியது 2025 ஜூனில்.