கணிப்பொறியும் காவலும்

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகும் வரை, சங்கரன்கோவிலும் கூடங்குளமும் திருநெல்வேலி என்னும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. அதற்கு முந்திய மாதம், கூடங்குளம் அணுமின் நிலையக் கணிப்பொறிகள் தாக்கப்பட்டதாகச் செய்தி பரவிற்று. அக்டோபர் 29-ஆம் நாள் நிலையத்தார், பரவுவது பொய்ச்செய்தி, உலையின் கட்டுப்பாட்டு அமைப்பைத் தாக்குதல் இயலாது என்றனர். மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் காணப்பட்டது உண்மை என்றும், அது செப்டம்பர் 4-ஆம் நாளே தமக்கு அறிவிக்கப்பட்டது என்றும் ஒப்புக்கொண்டது.

தீநிரலாவது, உரியவர் அறியாமல் கணிப்பொறிக்குள் புகுந்து தீங்கு செய்யும் கட்டளைத் தொகுதி. அது புகுந்தது நிர்வாகப் பணிக்கென இணையத்தோடு இணைந்திருந்த கணிப்பொறியில். உலையை இயக்கும் அமைப்பு தனித்திருந்ததால் ஊறில்லை என்றது கழகம். ஆயினும் தனிமையே முழுக் காவலாகாது. ஈரானின் நாதான்சு அணு நிலையமும் தனித்தே இருந்தது. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், பென்டிரைவ் வழியே அங்கு நுழைந்து யுரேனியம் செறிவூட்டும் சுழல்பொறிகளைப் பழுதாக்கியதாகக் கருதப்படுகிறது.

எனக்கோ தீநிரலினும் அம்மறுப்பே பெரிதாகப் படுகிறது. சொல்லளவில் அது பிழையன்று எனலாம். ஆனால் கட்டுப்பாட்டு அமைப்பு வேறு, நிர்வாகக் கணிப்பொறி வேறு என்னும் நுணுக்கம் இடிந்தகரை மீனவர்க்கு எங்ஙனம் விளங்கும்? தனிநபர் தரவு கசிந்தால் உரியவர்க்கு அறிவித்தல் வேண்டும் என 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விதித்துள்ளது. உலையின் அண்டையில் வாழ்வோர்க்கு இத்தகைய செய்தியை அறிவிப்பது பற்றி அச்சட்டத்தில் ஒன்றும் இல்லை.