ஒரு பிடி அரிசி

“என்ன வாத்தியாரே, பிப்ரவரி மாசம் பூரா ஆளையே காணோமே!” என்று தோட்டத்தில் பலரும் கேட்டார்கள். திரும்பி வந்து நாலு மாதமாகியும் எழுதாமல் இருந்தேன். போன வாரம் அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. இனி எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் போன இடம் இந்தியாவில் தெலுங்கானா மாநிலத்துத் தோர்ணக்கல். எங்கள் தேவாலயத்திலிருந்து ஐந்து பேர், அங்குள்ள கிராமச் சபைகளோடு ஒரு மாதம் இருந்து ஊழியம் செய்வதென்று புறப்பட்டோம். மற்ற நால்வரும் பட்டணத்துக்காரர்கள். நானோ பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டத்தில் பிறந்தவன். அடுத்த லயத்தில் எல்லாம் தெலுங்குக் குடும்பங்கள். அந்தப் பிள்ளைகளோடு கோலி விளையாடிக் கற்ற தெலுங்கு, அறுபது வயதுக்கு மேல் இப்படிக் கை கொடுக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை!

சுற்றுலா விசாவில் போகிறவர் அங்கே மதப் பிரசாரம் செய்யக்கூடாது என்பது சட்டம். ஆகவே நாங்கள் பிரசங்க மேடை ஏறவில்லை. சபையாரோடு தங்கினோம், அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டோம், மாலை ஆராதனையில் பாயில் உட்கார்ந்தோம். அவ்வளவுதான். தோழர்களே, இது மதம் பரப்பும் கட்டுரையுமல்ல. கூலி வேலை செய்கிறவர்கள் கதை. அதனால்தான் நம் பகுதியில் எழுதுகிறேன்.

தமிழன் போன பாதை

தோர்ணக்கல்லுக்கும் தமிழனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் ஆள், நம் காசு, நம் நிர்வாகம் என்பது அதன் கொள்கை. பனையேறிக் குடும்பங்கள் போட்ட சில்லறைக் காசில் ஊழியர்களை அனுப்பினார்கள். நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல், அந்தத் திருநெல்வேலிக்காரர்களுக்கு வேறு மொழி, வேறு சீமை!

சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. பிறரை அனுப்பிவிட்டு நாம் வீட்டில் இருப்பதா என்று 1909-ல் அவரே தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார். தெலுங்கு படித்தார். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1912-ல் அவரைப் பேராயர் ஆக்கினார்கள். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். 1935 வாக்கில் அவர் பொறுப்பில் 250 இந்தியக் குருமார்களும் 2,000-க்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் இருந்தார்கள்.

அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் தாழ்த்தப்பட்ட மக்கள், நிலமில்லாத கூலிகள். “இவர்களிடம் என்ன காணிக்கை கேட்பது?” என்று அவர் விட்டுவிடவில்லை. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் பழக்கத்தை வீட்டுப் பெண்களிடம் வளர்த்தார். 1945-ல் அவர் காலமானார். பிடியரிசி நிற்கவில்லை.

மிளகாய்க் காட்டில்

நாங்கள் தங்கிய கிராமத்தில் மிளகாய் பறிக்கும் பருவம். விடியுமுன் பெண்கள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். நமக்குப் பிரட்டு எப்படியோ அப்படித்தான்! ஒருநாள் நானும் போய்ப் பறித்தேன். இரவெல்லாம் விரல் எரிந்து தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்கள் அதே கையால் சோறாக்கிப் பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, ஏழரை மணிக்கு ஆராதனைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

கிறிஸ்தவராக இருப்பதற்கு அவர்கள் கொடுக்கும் விலையும் உண்டு. 1950-ல் வந்த ஜனாதிபதி ஆணைப்படி, ஆதிதிராவிடர் சலுகை கிறிஸ்தவர்களுக்குக் கிடையாது. சீக்கியர்களுக்கு 1956-லும் பௌத்தர்களுக்கு 1990-லும் கிடைத்தது. கிறிஸ்தவர்களுக்கு இன்னும் இல்லை. அந்த மாநிலத்தில் அவர்களைப் பிற்பட்டோர் பட்டியலில் வைத்து ஒரு விழுக்காடு ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே சேரி, ஒரே சாதி. அண்ணன் பிள்ளைக்கு ஒரு சலுகை, தம்பி பிள்ளைக்கு வேறு! இதைத் தெரிந்துகொண்டே அவர்கள் கோயிலுக்கு வருகிறார்கள்.

கூரையில்லாத கோயில்

அந்தக் கோயிலுக்குத்தான் கூரையில்லை. நாலு சுவர், மேலே வானம். விசாரித்தேன். எட்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்து, “நாங்களே கட்டித் தருகிறோம்” என்று முதல் தவணையைக் கொடுத்ததாம். சுவர் எழும்பியது. அப்புறம் காசும் இல்லை, கடிதமும் இல்லை.

“அவுங்கதான் கட்டித் தர்றாங்களே, நம்ம ஒரு பிடி எதுக்குன்னு நாங்களும் பானையைக் கவுத்துட்டோம், தம்பி. அவுங்க பணமும் நின்னுச்சு, எங்க அரிசியும் நின்னுச்சு” என்றார் ஒரு பாட்டியம்மா. இரண்டு வருடமாகத்தான் மறுபடி பானையை நிமிர்த்தியிருக்கிறார்கள். ஞாயிறு தோறும் அரிசி வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விட்டுக் காசைக் கணக்கில் சேர்ப்பார்கள்.

எங்கள் பையில் 4,000 வெள்ளி இருந்தது. கடைசி வாரம் எங்கள் தலைவர் எழுந்து, “கூரை எங்கள் செலவு” என்றார். நான் மொழிபெயர்த்தேன். கை தட்டுவார்கள் என்று பார்த்தால் ஒருவரும் பேசவில்லை. பாட்டியம்மாதான் எழுந்தார்: “நீங்க போட்டுட்டுப் போயிருவீங்க. பொம்பளைங்க மறுபடியும் பானையைக் கவுத்துருவாங்க. அப்புறம் குருவானவருக்கு யார் சம்பளம் கொடுக்குறது?”

தலைவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கும் சுருக்கென்றது. இளைஞர்கள் விடவில்லை. “ஜூன்ல மழை வந்தா சுவரே போயிரும். வாங்கிக்கலாம்” என்று வாதாடினார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குருவானவர் பாவம், இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு பதினோரு மணிக்கு ஒரு முடிவு வந்தது. பணத்தைக் கடனாக வாங்கிக்கொள்வது. பிடியரிசிக் காசில் தவணை கட்டுவது. ஆனால் எங்களுக்கல்ல! பக்கத்துக் கிராமத்தில் வேப்பமரத்தடியில் கூடும் சபைக்குக் கட்டுவது, அவர்களும் ஒரு கோயில் எழுப்பிக்கொள்ள.

போன வாரம் வந்த செய்தி இதுதான்: மழைக்கு முன்னே கூரை ஏறிவிட்டது. வேப்பமரத்துச் சபைக்கு மூன்று தவணை போய்ச் சேர்ந்துவிட்டது.

நமக்கு இது புதிதா?

தோழர்களே, நமக்கு இது புதிதா? துன் சம்பந்தன் தோட்டந்தோட்டமாக நடந்து, “மாதம் பத்து வெள்ளி போடுங்கள்” என்று கேட்டு, 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கவில்லையா? துண்டாடலில் தெருவுக்கு வரவிருந்த பாட்டாளி, அந்தப் பத்து வெள்ளியால் தோட்டத்துக்கே பங்குதாரன் ஆகவில்லையா?

இன்று நம் மாரியம்மன் கோயில் கூரை ஒழுகினால் என்ன செய்கிறோம்? ஒய்.பி. வருவார், மானியம் தருவார் என்று மாலையோடு காத்திருக்கிறோம். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நியாயமாக நமக்கு வரவேண்டியதைக் கேட்டு வாங்கத்தான் வேண்டும். ஆனால் நம் வீட்டுப் பானையைக் கவிழ்த்துவிட்டு வாங்க வேண்டாம்!

ஒரு மாத ஊழியத்துக்கென்று போனேன். நான் அங்கே செய்தது கொஞ்சம். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பழைய மைலோ டின் ஒன்றைக் கழுவி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அது இப்போது முக்கால்வாசி நிறைந்திருக்கிறது.