மரம் வேண்டுமா? மலையைப் பார்!
1,300 ஆண்டுகளாக நிற்கும் மரக் கோபுரம்

ஜப்பான் நாட்டில், நாரா பகுதியில், ஹோரியூஜி என்ற புத்தர் கோவில் இருக்கிறது. அங்கே ஐந்து அடுக்குக் கோபுரம் ஒன்று நிற்கிறது. அதன் உயரம் சுமார் 32 மீட்டர். மரத்தால் கட்டியது!

அதைக் கட்டி 1,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. உலகில் இன்றும் நிற்கும் மரக் கட்டிடங்களில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. அதன் நடுத்தூண் கி.பி. 594-ல் வெட்டிய மரம். மரத்தின் உள்ளே இருக்கும் வளையங்களை ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார்கள்.

"அப்படியானால் அது தேக்கா? கருங்காலியா?" என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. அது "ஹினோகி" என்ற மென்மரம். பைன், தேவதாரு மரங்களுக்கு உறவு. ஜப்பான் மலைகளிலேயே வளர்வது. உளிக்கு எளிதில் வசப்படும். நல்ல மணம் வீசும். ஆனால் அதன் வைரம் லேசில் உளுத்துப் போகாது.

விவசாயம் படித்த தச்சர்

இந்தக் கோவிலின் பெருந்தச்சராக இருந்தவர் நிஷியோகா சுனெகாசு (1908–1995). பாட்டனாரிடம் தொழில் பழகியவர். பாட்டனார் இவரை எந்தப் பள்ளிக்கு அனுப்பினார் தெரியுமா? தொழிற்பள்ளிக்கு அல்ல, விவசாயப் பள்ளிக்கு! மரம் மண்ணில் வளர்வது. மண்ணை அறிந்தவனே மரத்தை அறிவான் என்பது அவர் எண்ணம்.

அந்தத் தச்சர்கள் வழிவழியாக வாய்மொழியாய்க் காத்து வந்த விதிகள் சில உண்டு.

மரத்தைக் கடையில் தனித்தனியாகப் பொறுக்காதே. மலைக்குப் போய், ஒரே மலையின் மரங்களை மொத்தமாக வாங்கு.

மலையின் தென்புறம் வளர்ந்த மரத்தைக் கட்டிடத்தின் தென்புறத்தில் வை. வடபுறத்து மரத்தை வடபுறத்தில் வை. அந்த வெயிலும் காற்றும் அதற்குப் பழக்கம்.

காற்று அடித்து அடித்துச் சில மரங்கள் வலப்பக்கம் முறுக்கிக் கொள்ளும். சில இடப்பக்கம் முறுக்கும். முறுக்கிய மரம் என்று தள்ளிவிடாதே. இரண்டையும் எதிர் எதிராகப் பூட்டு. ஒன்றின் முறுக்கை மற்றொன்று அடக்கும், கட்டிடம் உறுதிப்படும்.

பெரிய மரம் எங்கே?

யாகுஷிஜி என்ற கோவிலிலும் நிஷியோகா வேலை செய்தார். அங்கே பெரிய மண்டபம் 1976-லும், மேற்குக் கோபுரம் 1981-லும் கட்டி முடிந்தன. பருத்த தூண்களுக்கு மரம் தேடியபோதுதான் உண்மை தெரிந்தது. போதுமான பெரிய ஹினோகி ஜப்பானிலேயே இல்லை! பல நூற்றாண்டுகளாக வெட்டித் தீர்த்திருந்தார்கள். கடல் கடந்து தைவான் தீவிலிருந்து மரம் வந்தது. அந்த வழியும் பின்னர் அடைபட்டது. 1991-ல் தைவான் தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடை போட்டது.

பேரனுக்கு ஒரு காடு

இந்தக் கவலை இசே கோவிலாருக்கு முன்பே வந்துவிட்டது. அந்தக் கோவிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை ஹினோகி மரத்தால் புதிதாகக் கட்டுவார்கள். அதற்காக 1923-ல் 200 ஆண்டுத் திட்டம் போட்டுக் காடு வளர்க்கத் தொடங்கினார்கள். 2013-ல் நடந்த திருப்பணிக்கு அந்தக் காட்டு மரங்களும் உதவின. பருத்த தூணுக்கு வேண்டிய மரங்கள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

நட்டவர்கள் அந்தத் தூண்களைப் பார்க்கப்போவதில்லை. அது தெரிந்தேதான் நட்டார்கள். உள்ளூர் மரத்தால் கட்ட விரும்புகிறவன், வெட்டுவதற்கு முன் நடவும் வேண்டும் அல்லவா?